தெருமுனைக் கடை பிழைக்குமா?

கொரோனாவுக்குப் பிறகு கடைத்தெரு மாறிய கதை

“அண்ணாச்சி! அரைக் கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் புளி, ஒரு சோப்பு. கணக்கிலே எழுதிக்கிடுங்க!”

தெருமுனை மளிகைக் கடையில் காலங்காலமாகக் கேட்கும் குரல் இது.

இன்று அதே கடையில் இன்னொரு குரலும் கேட்கிறது. அது மனிதக் குரல் அல்ல. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அது பேசுகிறது. “நாற்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது” என்கிறது.

முதல் குரல் கடன் கேட்கிறது. இரண்டாவது குரல், பணம் வந்துவிட்டது என்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு கடைத்தெருவில் நடந்த மாறுதல், இந்த இரண்டு குரல்களுக்குள் அடங்கி இருக்கிறது.

இந்த மாறுதல் எப்படி வந்தது? இதனால் யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்? தெருமுனைக் கடை பிழைக்குமா?

குடும்பம் நடத்தும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கதவு மூடியது

2020-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று நாடு முழுவதும் ‘மக்கள் ஊரடங்கு’. ஒரு நாள் கூத்துதான் என்று பலர் நினைத்தார்கள்.

இரண்டே நாளில் நிலைமை மாறியது. 24-ந் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு அது நீண்டுகொண்டே போயிற்று.

ஜவுளிக் கடை மூடியது. பாத்திரக் கடை மூடியது. தையல் எந்திரம் ஓயாமல் ஓடிய கடை நிசப்தமானது. டீக்கடை அடுப்பு அணைந்தது. கல்யாண காலமான சித்திரையும் வைகாசியும் வியாபாரம் இல்லாமலே கழிந்தன.

திறந்திருந்தவை சில கடைகள்தான். மளிகை, காய்கறி, பால், மருந்து. அவற்றில் மளிகைக்கும் காய்கறிக்கும் நேரக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் மாதத்தில் பகல் 1 மணிக்கே கடையை மூட வேண்டும் என்று உத்தரவு.

கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். ஒரு வட்டத்துக்கு ஓர் ஆள். வாசலின் குறுக்கே கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வாளித் தண்ணீர், சோப்பு. அந்தப் பக்கம் முகக் கவசத்தோடு அண்ணாச்சி. கையில் கொடுத்த ரூபாய் நோட்டை வாங்கவே பயம். நோட்டின் மேலே கிருமிநாசினி தெளித்தவர்களும் உண்டு!

மே 11-ந் தேதி, 34 வகைக் கடைகளைத் திறக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. டீக்கடையைத் திறக்கலாம். ஆனால் பார்சல் மட்டும். பெஞ்சியில் உட்கார்ந்து குடிக்கக்கூடாது. ஜூன் மாதம் சென்னையில் சலூன்கள் திறந்தன. முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர் ஆதார் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. முடி வெட்ட ஆதாரா என்று சிரித்தவர்களும் கொடுத்துவிட்டுத்தான் தலையை நீட்டினார்கள்.

சிரிக்க முடியாத சம்பவமும் நடந்தது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையையும் மகனையும் அந்த ஜூன் மாதத்தில் போலீசார் பிடித்துச் சென்றனர். அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சில நாட்களில் இருவரும் காவலில் இறந்தார்கள். சி.பி.ஐ. விசாரித்து, 9 போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கடையின் கதவு எத்தனை மணிக்கு மூடுகிறது என்பது உயிர்ப் பிரச்சினையான காலம் அது.

பெரிய சந்தை மூடியது. சின்னக் கடை நின்றது

சென்னைக்குக் காய்கறி கொடுக்கும் சந்தை கோயம்பேடு. சுமார் 3 ஆயிரம் கடைகள் கொண்டது. 2020 ஏப்ரல் கடைசியில் அங்கே கொரோனா பரவியது. அங்கே மூட்டை சுமந்த தொழிலாளர்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் நோய் பரவியது.

மே 5-ந் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் வாடல். செப்டம்பர் 28-ந் தேதிதான் கோயம்பேட்டில் மறுபடியும் காய்கறி வியாபாரம் தொடங்கியது.

ஆயிரக்கணக்கானோர் கூடும் இடம் முடங்கியபோது, பத்துப் பேர் வந்து போகும் கடைதான் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பஸ் இல்லை. ரெயில் இல்லை. நடந்து போகும் தூரத்தில் இருந்தது தெருமுனைக் கடை ஒன்றுதான்.

அதுவரை கார் ஏறிப் பெரிய கடைக்குப் போனவர்களும் அண்ணாச்சி கடை வட்டத்தில் வந்து நின்றார்கள்.

மறு ஆண்டு இன்னும் கடுமை. 2021 மே மாதம் இரண்டாவது அலை. முதலில் பகல் 12 மணி வரை கடை. பிறகு காலை 10 மணி வரை. மே 24-ந் தேதி முதல் மளிகைக் கடையும் மூடல்! காய்கறி வண்டிகள் தெருத்தெருவாக வந்தன. மே 31-ந் தேதியில் இருந்து, டெலிபோனில் சொன்னால் மளிகைச் சாமானை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

தெருமுனைக் கடைக்காரர்கள் அப்போது ஒரு புதிய வேலை கற்றுக்கொண்டார்கள். செல்போனில் சாமான் பட்டியலை வாங்குவது, பொட்டலம் கட்டுவது, சைக்கிளில் ஏற்றி அனுப்புவது. ஊரடங்கு போன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

நோட்டுப் புத்தகத்தின் மகிமை

ஊரடங்கில் கடை காப்பாற்றியது வயிற்றை மட்டுமா? இல்லை. மானத்தையும் காப்பாற்றியது.

கட்டிட வேலைக்குப் போகிறவருக்கு வேலை நின்றால் அன்றே கூலி நின்றுவிடும். ஆட்டோ ஓட்டுகிறவரும் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவும் அப்படித்தான். 2020 ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் அரசாங்கம் கொடுத்தது. அரிசி வந்துவிட்டது, சரி. குழம்புக்குப் பருப்பு? தாளிக்க எண்ணெய்? குழந்தைக்குப் பிஸ்கட்?

“அண்ணாச்சி, வேலை ஆரம்பிச்சதும் கொடுத்திடறேன்.”

“கொடுக்கலாம், எடுத்துட்டுப் போ தாயி.”

இதற்கு மேல் பேச்சில்லை. ஜாமீன் இல்லை. கையெழுத்து இல்லை. வட்டி இல்லை. நீள நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி ஏறும். அவ்வளவுதான்.

பாங்கில் கடன் வாங்க வேண்டும் என்றால் சம்பளச் சீட்டு வேண்டும். அடகு வைக்க நகை வேண்டும். கந்து வட்டிக்காரரிடம் போனால் வட்டியே முதலை விழுங்கிவிடும். வட்டி இல்லாமல் அரைக் கிலோ பருப்பைக் கடன் கொடுக்கும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது தெருமுனைக் கடை.

அண்ணாச்சிக்கு எப்படி இந்தத் துணிச்சல் வந்தது? அவருக்கு ஆளைத் தெரியும். எந்த வீடு, என்ன வேலை, என்றைக்குக் கூலி, பையன் எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் தெரியும். கணக்கை ஏமாற்றிவிட்டு ஒருவர் அதே தெரு வழியாக நடக்க முடியாது. பழக்கமே ஜாமீன்.

எல்லாக் கடனும் திரும்பி வந்ததா? வரவில்லை. வேலை போனவர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்றால் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதுதான். அப்படிப் பக்கம் பக்கமாக இழந்து கடையையே மூடியவர்களும் உண்டு. அவர்கள் நஷ்டத்தை எந்த அரசாங்கக் கணக்கிலும் பார்க்க முடியாது.

பேசும் பெட்டி வந்தது

ரூபாய் நோட்டைத் தொடப் பயந்த காலத்தில்தான் செல்போன் பணம் சின்னக் கடைக்குள் வேகமாக நுழைந்தது.

இதற்கு யு.பி.ஐ. என்று பெயர். வாங்குகிறவரின் பாங்குக் கணக்கில் இருந்து, விற்கிறவரின் பாங்குக் கணக்குக்குப் பணம் உடனே போகும். கடையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அட்டை மாட்டி இருக்கும். செல்போன் காமிராவை அதன் எதிரே காட்ட வேண்டும். தொகையை அடிக்க வேண்டும். ரகசிய எண்ணைப் போட வேண்டும். வேலை முடிந்தது.

இந்த முறை 2016-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வளர்ந்தது எப்போது என்பதை இந்தக் கணக்கில் பாருங்கள்.

2020 ஏப்ரல் மாதத்தில் இந்தியா முழுவதும் யு.பி.ஐ. மூலம் பணம் கைமாறியது சுமார் 100 கோடி தடவை. அதே ஆண்டு அக்டோபரில் 200 கோடியைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் 1,000 கோடி. 2025 ஆகஸ்டில் 2,000 கோடி! ஐந்து ஆண்டு சில மாதங்களில் இருபது மடங்கு.

ஏன் இந்த வேகம்? பயம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஜனவரி முதல், இந்த முறையில் பணம் வாங்கும் கடைக்காரரிடம் பாங்குகள் கழிவு பிடிக்கக்கூடாது என்று மத்திய அரசாங்கம் விதி செய்தது. நூறு ரூபாய் வந்தால் நூறு ரூபாயும் கடைக்காரருக்கே. அட்டை மாட்டுவதில் அவருக்கு நஷ்டம் இல்லை.

பேசும் பெட்டி எதற்கு? கூட்ட நேரத்தில் அண்ணாச்சியின் ஒரு கை தராசில் இருக்கும். மறு கை பொட்டலத்தில் இருக்கும். பணம் வந்ததா என்று செல்போனை எடுத்துப் பார்க்க நேரம் ஏது? அதோடு, பணம் அனுப்பியதாகப் பொய்ப் படத்தைக் காட்டிவிட்டுப் போகும் கில்லாடிகளும் கிளம்பினார்கள். பெட்டி பேசினால்தான் பணம் வந்தது என்று அர்த்தம். பெட்டிக்கு மாத வாடகை கட்டுகிறவர்களும் உண்டு.

இதனால் ஒரு பழைய சண்டை தீர்ந்தது. சில்லறைச் சண்டை! “சில்லறை இல்லை” என்று கையில் இரண்டு மிட்டாயைத் திணிக்கும் வழக்கம் குறைந்துவிட்டது.

ஆனால் புதிய பயம் ஒன்று வந்தது. கல்லாவில் விழும் பணம் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். பாங்கில் விழும் பணம் எல்லோருக்கும் தெரியும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு வியாபாரிகள் பலருக்கு வரி இலாகா நோட்டீசு அனுப்பியது. யு.பி.ஐ. கணக்கைப் பார்த்து, ஆண்டு வியாபாரம் வரம்பைத் தாண்டிவிட்டது என்று கூறியது. சரக்கு விற்பனைக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு ரூ.40 லட்சம். நோட்டீசு வந்தவர்களில் காய்கறிக் கடைக்காரரும் இருந்தார். பச்சைக் காய்கறிக்கோ ஜி.எஸ்.டி. வரியே கிடையாது!

பெங்களூர்க் கடைகள் சிலவற்றில் கட்டம் போட்ட அட்டை இறங்கியது. “ரொக்கம் மட்டும்” என்ற அட்டை ஏறியது. வியாபாரிகள் கிளர்ச்சிக்குத் தயாரானார்கள். பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று கர்நாடக அரசாங்கம் அறிவித்த பிறகுதான் பரபரப்பு தணிந்தது.

இதில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பாங்கில் வரவு செலவு தெரிந்தால் வரியும் வரும், கடனும் கிடைக்கும். கணக்கு எழுதாத கடைக்காரருக்குப் பயம்தான் மிச்சம். கணக்கு எழுதுகிறவருக்கு அதுவே பாங்கில் காட்டும் சான்று.

பத்து நிமிடப் போட்டி

ஊரடங்கில் வீட்டுக்கே சாமான் வரும் ருசியை மக்கள் கண்டுகொண்டார்கள். அதைப் பெரிய முதலாளிகளும் கண்டுகொண்டார்கள்.

2020-ல் இன்ஸ்டாமார்ட் வந்தது. 2021-ல் செப்டோ வந்தது. குரோபர்ஸ் என்ற பழைய கம்பெனி, அதே ஆண்டு டிசம்பரில் பிளிங்கிட் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ‘பத்தே நிமிடத்தில் வீட்டு வாசலில்!’ என்று முழக்கம் எழுந்தது.

பத்து நிமிடத்தில் எப்படி முடிகிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு கட்டிடத்தை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். உள்ளே அலமாரி அலமாரியாகச் சரக்கு. வெளியே அலங்காரம் இல்லை. வாடிக்கைக்காரர் உள்ளே போக முடியாது. அது கடை அல்ல, கிடங்கு. செல்போனில் உத்தரவு வந்ததும் உள்ளே இருப்பவர்கள் பையில் போடுகிறார்கள். வாசலில் காத்திருக்கும் வாலிபர் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்.

விலையிலும் தள்ளுபடி கொடுக்கிறார்கள். முதல் போட்டவர்கள், ஆரம்பத்தில் நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று கோடிக்கணக்கில் பணம் இறைக்கிறார்கள். மொத்தமாக வாங்குவதால் கம்பெனியிடம் விலை பேசவும் முடிகிறது. அண்ணாச்சியோ வினியோகஸ்தரிடம் ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று வாங்குகிறவர். அவரால் எப்படிப் போட்டி போட முடியும்?

அகில இந்திய நுகர்பொருள் வினியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2024 அக்டோபரில் ஒரு கணக்கை வெளியிட்டது. ஓர் ஆண்டுக்குள் நாடு முழுவதும் 2 லட்சம் சிறு மளிகைக் கடைகள் மூடப்பட்டுவிட்டன என்று கூறியது. இது வியாபாரத் தரப்பு போட்ட கணக்கு. கூட்டியோ குறைத்தோ இருக்கலாம். ஆனாலும் பெரிய நகரங்களில் அடி பலம் என்பதில் சந்தேகம் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம்

மூன்று வாடிக்கைக்காரர் போனால் என்ன, ஏழு பேர் இருக்கிறார்களே என்று தோன்றலாம். அது சரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கடைக்கு 50 குடும்பம் வாடிக்கை என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 3 ஆயிரம் ரூபாய் வியாபாரம். மொத்தம் ஒன்றரை லட்சம். நூற்றுக்குப் பத்து லாபம் என்றால் 15 ஆயிரம் ரூபாய். கடை வாடகை, கரண்டு, இதர செலவு 7 ஆயிரம். மிச்சம் 8 ஆயிரம்.

இந்த 50 குடும்பத்தில் 30 குடும்பம் கைமேல் காசு கொடுப்பவர்கள். 20 குடும்பம் மாதக் கணக்கு.

இப்போது காசு கொடுக்கும் 30 பேரில் 15 பேர் செல்போனில் சாமான் வாங்கப் போய்விட்டார்கள். என்ன ஆகும்?

வியாபாரம் ஒரு லட்சத்து 5 ஆயிரம் ஆகும். லாபம் பத்தாயிரத்து 500. கடை வாடகை குறையுமா? குறையாது. கரண்டு கட்டணம் குறையுமா? குறையாது. 7 ஆயிரம் போக மிச்சம் 3 ஆயிரத்து 500!

போனவர்கள் பத்துக்கு மூன்று பேர்தான். வருமானமோ பாதிக்கு மேல் போய்விட்டது.

இதோடு முடியவில்லை. மாதக் கணக்கு வைத்திருக்கும் 20 குடும்பங்களிடம் 60 ஆயிரம் ரூபாய் நிற்கிறது. மொத்த வியாபாரி அதற்காகக் காத்திருக்க மாட்டார். இதுவரை, காசு கொடுத்தவர்களின் பணத்தை வைத்து மொத்த வியாபாரியைச் சமாளித்தார் அண்ணாச்சி. அந்தப் பணமும் இப்போது பாதியாகிவிட்டது. கடைசியில் அவர் என்ன செய்வார்?

“மன்னிச்சுக்கோ தாயி. இனிமே கணக்கு வேண்டாம்” என்பார்.

இதுதான் கவனிக்க வேண்டிய உண்மை. வசதி உள்ளவர் கையில் காசு கொடுத்து வாங்கினார். அந்தக் காசு புரண்டதால்தான் வசதி இல்லாதவருக்குக் கடன் கிடைத்தது. ஒருவர் பருப்பு இன்னொருவர் உலையில் வெந்தது. இருவருக்கும் அது தெரியாது. அண்ணாச்சிக்கு மட்டுமே தெரியும்.

பேசும் பெட்டிக்குக் கடன் எழுதத் தெரியாது. பத்து நிமிடத்தில் வரும் வாலிபரிடம் “அடுத்த வாரம் தருகிறேன் தம்பி” என்று சொல்ல முடியாது. சம்பளக்காரருக்குச் செல்போனிலேயே கடன் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. தவணை தவறினால் அபராதம் உண்டு. தினக் கூலிக்காரரின் பருப்புக்கும் புளிக்கும் அது உதவாது.

அரசாங்கம் என்ன செய்தது?

உதவி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது எல்லோருக்கும் எட்டவில்லை.

2020 மார்ச்சில், கடன் தவணையைத் தள்ளிப் போடலாம் என்று ரிசர்வ் பாங்கு அறிவித்தது. அந்தச் சலுகை ஆகஸ்டு கடைசி வரை நீடித்தது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை.

மே மாதத்தில் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. 3 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம். ஜாமீன் வேண்டாம், அரசாங்கமே ஜாமீன். ஆனால் ஏற்கனவே பாங்கில் கடன் உள்ளவருக்கு, அந்தக் கடனில் நூற்றுக்கு இருபது பங்கு என்பது தொடக்கத்தில் இருந்த கணக்கு. பாங்குப் படியே ஏறாமல், சொந்தப் பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டுக் கடை வைத்தவர்கள் எத்தனை பேர்! பழைய கடன் இல்லாதவருக்குப் புதிய கடனும் இல்லை.

தெருவோர வியாபாரிகளுக்கு அந்த ஜூன் மாதம் பிரதமரின் ஸ்வநிதி திட்டம் தொடங்கியது. முதலில் 10 ஆயிரம் ரூபாய் கடன். அதை ஒழுங்காகக் கட்டினால் 20 ஆயிரம். அதையும் கட்டினால் 50 ஆயிரம். 2025 ஆகஸ்டில் முதல் கடனை 15 ஆயிரமாகவும் இரண்டாவது கடனை 25 ஆயிரமாகவும் உயர்த்தினார்கள். திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். தள்ளுவண்டிக்காரருக்கும் பூக்காரிக்கும் இது நல்ல உதவி. நிலையான கடை வைத்திருக்கும் சிறு மளிகைக்காரருக்கு இந்தக் கதவு திறக்காது.

கடை ஊழியர்களுக்கு வேறொரு நன்மை பிறந்தது. ஜவுளிக் கடையில் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்வார்கள். சேலையை விரித்து விரித்துக் காட்டிக் கால் வீங்கிப் போகும். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபை ஒரு திருத்தம் செய்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. நாற்காலி போட்ட கடையில் வாங்குவோம் என்று பெண்கள் முடிவு செய்தால், சட்டம் இன்னும் வேகமாக நடக்கும்.

பிழைத்தவர்கள் செய்தது என்ன?

எல்லாக் கடையும் சாகவில்லை. நிமிர்ந்து நிற்கும் கடைகளும் உண்டு. அவர்கள் செய்ததைப் பார்த்தால் மற்றவர்களுக்கும் வழி தெரியும்.

கிடங்கில் கிடைக்காத பொருளை அவர்கள் வைக்கிறார்கள். அன்றாடம் அரைத்த இட்லி மாவு, பக்கத்து ஊர்க் கீரை, வீட்டில் இடித்த மிளகாய்ப் பொடி, கோவில் கொடைக்கு வேண்டிய பூஜைச் சாமான். ஐந்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை, பத்து ரூபாய்க்கு எண்ணெய் என்று சில்லறையாகக் கேட்டாலும் முகம் சுளிப்பது இல்லை. ஐந்து ரூபாய்க் கறிவேப்பிலைக்கு மோட்டார் சைக்கிளை அனுப்பினால் பெட்ரோல் காசுக்கே கட்டாது அல்லவா?

விடியற்காலையில் பாலோடு கடையைத் திறக்கிறார்கள். செல்போனில் பட்டியல் அனுப்பினால், கடைப் பையன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு மருந்துச் சீட்டையும் வாங்கிப்போய் மருந்து வாங்கிக் கொடுக்கிறான். எந்தக் கிடங்கும் இந்த வேலையைச் செய்யாது.

கடனையும் அடியோடு நிறுத்தவில்லை. வரம்பு கட்டிவிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான்; முந்தின மாதம் தீர்த்தால்தான் அடுத்த மாதம். நோட்டுப் புத்தகத்தோடு செல்போனிலும் கணக்கு எழுதுகிறார்கள். யாரையும் கடைவாசலில் நிறுத்திச் சத்தம் போட வேண்டியது இல்லை.

தவறு செய்யும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஊரடங்கில் தட்டுப்பாட்டைப் பார்த்ததும் விலையை ஏற்றியவர்கள் உண்டு. கடன் வாங்குகிறவருக்கு எடை குறைத்தவர்கள் உண்டு. அதை மக்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட கடையை விட்டு வாடிக்கை போனால், செல்போனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நேர்மையான தராசுதான் கடைக்கு முதல் மூலதனம்.

முடிவு யார் கையில்?

செல்போனில் சாமான் வாங்குவது குற்றமா? குற்றம் அல்ல. இரவு பத்து மணிக்குக் குழந்தைக்குப் பால் பவுடர் தீர்ந்துவிட்டால் அது பெரிய உதவிதான். கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும், நடக்க முடியாத பெரியவருக்கும் அது வரப்பிரசாதம். காலம் மாறுகிறது. மாறுதலைக் கதவைச் சாத்தி நிறுத்த முடியாது.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்.

ஊரடங்கில் சாமான் கொடுத்த கடை, ஊரடங்குக்காகத் திறந்த கடை அல்ல. அதற்கு முன்பு பத்து, இருபது ஆண்டுகளாக அந்தத் தெரு மக்கள் வாங்கி வாங்கி வளர்த்த கடை. நல்ல நாளில் வாங்கியதால் கெட்ட நாளில் அது இருந்தது. நல்ல நாள் முழுவதும் வேறு இடத்தில் வாங்கிவிட்டு, கெட்ட நாளில் வந்து தேடினால் அங்கே பூட்டிய கதவுதான் இருக்கும்.

வீட்டுச் சாமான் முழுவதையும் தெருமுனைக் கடையிலேயே வாங்க வேண்டும் என்பது இல்லை. மாதப் பட்டியலில் பாதியாவது அங்கே வாங்கலாம். மாதக் கணக்கு வைத்திருக்கிறவர்கள், கூலி வந்த அன்றே முதல் வேலையாகக் கணக்கைத் தீர்க்கலாம். வசதி உள்ளவர்கள் கைமேல் காசு கொடுக்கலாம். அது அண்ணாச்சிக்குச் செய்யும் தர்மம் அல்ல. அடுத்த வீட்டு அடுப்புக்குச் செய்யும் உதவி. நாளைக்கு ஒருவேளை சொந்த வீட்டு அடுப்புக்கே செய்துகொள்ளும் உதவி.

மாலை ஆறு மணி. கடையில் விளக்கு எரிகிறது. பேசும் பெட்டி, “நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது” என்கிறது. அதன் பக்கத்திலேயே, அட்டை கிழிந்த நீள நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வேலை முடித்து வந்த ஒரு தாய், கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்கிறாள்.

அண்ணாச்சி பெட்டியின் பேச்சைக் கேட்டுக்கொண்டே நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார்.

“என்ன வேணும், சொல்லு தாயி.”

பெட்டி பேசும் வரையில்தான் அவரால் நோட்டைத் திறக்க முடியும்.